அன்றைக்குக் காற்று திரும்பவில்லை

சுதன், இதிலுள்ள எழுத்து உன் அம்மாவுடையது, சொல் என்னுடையது. நான் பள்ளிக்கூடத்துப் படி மிதிக்காதவன் என்பது உனக்குத் தெரியும். கையெழுத்துக் கேட்கும் இடத்தில் இன்றைக்கும் பெருவிரலைத்தான் வைக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால், "அப்பா, வேலையா நிக்கிறன், பேந்து எடுக்கிறன்" என்பாய். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. கடதாசியை அப்படி நடுவில் நிறுத்த முடியாது. அம்மா விறாந்தை மேசையில் கொப்பியை விரித்து வைத்திருக்கிறாள். நான் சொல்வதில் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. எழுதி முடிந்ததும் வாசிகசாலைக்குக் கொண்டுபோய், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். "கொண்டுபோங்கோ, ஊருக்கே வாசிச்சுக் காட்டுங்கோ" என்கிறாள். அதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.

நம்பாததற்குக் காரணம் உண்டு. நீ கட்டார் நாட்டில் வேலை செய்த காலத்தில் நான் ஒரு கடிதம் சொல்ல இவள் எழுதினாள். தோள் மூட்டு ஏலாது, வலை இழுக்க முடியவில்லை, அங்கே நின்றது போதும், வந்துவிடு என்று சொன்னேன். நீ வந்தது அதற்கு எவ்வளவோ காலம் கழித்து. வந்து இறங்கி, என் கை தொங்குவதைப் பார்த்துவிட்டு, "தோளுக்கு என்னப்பா?" என்று புதினமாய்க் கேட்டாய். அப்போதுதான் விளங்கியது. "நாங்கள் நல்ல சுகம், நீ விரும்பின நேரம் வா" என்று எழுதி அனுப்பியிருக்கிறாள் மகராசி. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "பொடியன் அங்கை கிடந்து யோசிப்பான் எண்டுதான்" என்றாள். எங்கள் வீட்டு நோய் அதுதான். மற்றவர் யோசிக்கக்கூடாது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மறைப்பது. உனக்கும் அது தொற்றிவிட்டது. சின்ன வயதில் பெரிய பட்டம் ஏற்றப் போய், நூல் உன் உள்ளங்கையை அறுத்துவிட்டது. சொன்னால் மறுநாள் விடமாட்டேன் என்று, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடியே வந்து சோற்றுக்கு இருந்தாய். பையில் இரத்தம் ஊறியதைக் கண்டுதான் நான் பிடித்தேன். அன்றிலிருந்து உன் வாயைவிட உன் கையைப் பார்ப்பதே எனக்குப் பழக்கம். இந்தக் கடிதமும் உன் கையைப் பார்த்ததால் வந்ததுதான்.

வருகிற திங்கட்கிழமை காலை நீ உன் கையால் கட்டிய விமானத்தில் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிக் கரைவரை பறந்து திரும்பப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். இதுவரை நீ பறந்ததெல்லாம் தரவை வெளிப் புல்தரைக்கு மேலே. ஏதும் நடந்தால் கீழே மண் இருந்தது. திங்களன்று கீழே தண்ணீர். அதற்கு முன்னால் ஒரு விஷயம் நேராக வேண்டும். அதை நேராக்காமல் நீ ஏறினால், நான் வெளிக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொள்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் விமானத்தின் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான், மறைக்கவில்லை. நல்லூரில் உன் பட்டறைக்குள் அலுமினியக் குழாயும் துணியுமாக அது வளர வளர, நான் வந்து ஆணி ஆணியாகத் தட்டிப் பார்த்தேன். எஞ்சின் கடல் தாண்டிப் பெட்டியில் வந்தது. யாரோ வேண்டாமென்று தள்ளியதாக இருக்கும் என்றேன். கொழும்பிலிருந்து பார்க்க வந்த அதிகாரி தேநீர் குடித்த நேரம், அவர் விமானத்தைப் பார்த்த நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தது என்றேன். நீ சிரித்தாய். எல்லாரையும்விட எனக்குச் சந்தேகம் உன் கூட்டாளி குகன்மேல். சுவிசில் இருபது வருடம் இருந்துவிட்டு ஒருவன் ஊருக்கு வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அடுத்தவன் மகனை ஆகாயத்துக்கு ஏற்றிவிட்டுத் தான் கீழே நின்று படம் பிடிக்கிறான் என்றால், நான் என்ன நினைக்க வேண்டும்? ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"தம்பி, நீர் ஏன் ஒருநாளும் ஏறேல்லை?"

"என்ரை பாரம் கூடிப்போச்சு ஐயா. நான் ஏறினால் அது எழும்பாது."

"எழும்பாது எண்டு தெரிஞ்சுதானே இருக்கிறீர்?"

அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் முதல் நாள் நீ எழும்பியதை நான் மறக்கவில்லை. சோளகக் காற்று இன்னும் பலக்காத விடியல் நேரம். விமானம் வெளியில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது, ஓட ஓடவே நிலத்தை விட்டது. ஒரு தென்னை உயரம்கூட இல்லை. கொஞ்சத் தூரம் போய் மறுபடி நிலத்தில் இருந்துவிட்டது. நான் மூச்சு விட்டது அதற்குப் பிறகுதான். உங்கள் தலைமுறை விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கும். நாங்கள் குனிந்து பார்க்கிறவர்கள், எங்கே விழுந்து படுக்கலாம் என்று. அன்றைக்குப் பக்கத்து வளவுப் பூமணி சட்டியோடு ஓடி மாமரத்துக்குக் கீழே குப்புறக் கிடந்தாள். சண்டைக் காலத்தில் அங்கேதான் அவர்கள் வீட்டுப் பதுங்குகுழி இருந்தது. அதை மூடி எத்தனையோ வருடம். மூடின மண்ணின் மேல் படுத்திருந்தாள். நீ ஓடிப்போய், "மாமி, அது நான்தான்" என்றாய். "நீதான் எண்டு முதலே சொல்லிப்போட்டுப் பறந்தால் என்ன? குழம்பு முழுக்கக் கொட்டுண்டு போச்சு" என்று கத்தினாள். அடுத்த முறை பறப்பதற்கு முதல் நாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். அதைக் கண்டு எனக்குச் சந்தோஷம். என் மகன் ஒன்றைச் செய்வதற்கு முன்னால் சொல்கிறான், செய்த பிறகும் சொல்வான் என்று நம்பினேன்.

இரண்டாம் முறை வெளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய். குறை சொல்ல ஏதும் அகப்படவில்லை. மூன்றாம் முறைதான் அம்மா வந்தாள். அதுவரை அவள் வரமாட்டேன், பார்க்கமாட்டேன் என்று வீட்டில் விளக்கின் முன்னால் இருந்தவள். அன்றைக்கு நல்லூருக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்தே ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் வாழையிலைத் துண்டில் சந்தனம், குங்குமம். நீ விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து முடித்துவிட்டு, குகனோடு கதைக்கப் போயிருந்தாய். புதுப் படகு இறக்கும்போது முன்பக்க அணியத்துக்குப் பொட்டு வைப்பதுபோல, இவள் மூக்குக்கு வைத்தாள், சக்கரச் சில்லுகளுக்கு வைத்தாள், சிறகுக்கு வைத்தாள். படகு என்றால் எனக்கு முகமெது முதுகெது என்று தெரியும், இதற்கு முகம் எதுவென்று யாருக்குத் தெரியும், நீட்டிக்கொண்டிருக்கிறதற்கெல்லாம் வை என்று நானும் பகிடியாகச் சொன்னேன். இதை எழுதும்போது அம்மா சிரிக்கிறாள்.

பிறகு நீ எழும்பினாய். போகும்போது எல்லாம் சரி. திரும்பி இறங்க வரும்போதுதான் பிசகியது. முந்திய இரண்டு தடவையும் கொக்கு நிலத்தில் இருப்பதுபோல் மெல்ல வந்து இறங்கினாய். அன்றைக்கு எறிந்த கல்லாக வந்தாய். சில்லு நிலத்தில் பட்டுத் துள்ளி, மறுபடி பட்டு, நீ செப்பனிட்ட தடம் முடிந்தும் நிற்காமல், கரைச் சேற்றுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. முன்சில்லு முறிந்தது, சுழல்கிற காற்றாடி உடைந்தது. அம்மா "ஐயோ முருகா" என்று அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். நான் ஓடினேன். நீ வெளியே வந்தாய். புருவம் வெடித்து இரத்தம் கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை நீ. நேரே இடப்பக்கச் சிறகுக்குப் போனாய். அங்கே எதையோ உள்ளங்கையால் பொத்தினாய். திரும்பி அம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாய். சட்டை நுனியால் அதை அழுத்தித் துடைத்தாய். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்து, "ஒண்டுமில்லையம்மா, கடைசி நேரத்தில காத்துத் திரும்பிப்போச்சு" என்றாய்.

காற்று திரும்பவில்லை, சுதன். நீதான் ஒரு கம்பம் நட்டு, காற்றுப் பார்க்க என் பழைய சாறத்தில் கிழித்த துணியைக் கட்டியிருந்தாய். நீ எழும்பியபோது அது எந்தப் பக்கம் பறந்ததோ, நீ சேற்றில் நின்றபோதும் அந்தப் பக்கமே பறந்தது. கண்ணிருந்தால் யாரும் பார்க்கலாம். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஒருவன் பொய் சொல்கிறான் என்றால் யாரையோ காப்பாற்றுகிறான். யாரை? எனக்கு வந்த முதல் பெயர் குகன். ஏதோ உதவாத சாமானைப் பூட்டியிருக்கிறான், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் என் மகன் மூடுகிறான் என்று முடிவுகட்டினேன். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று நீ வாங்குகிற கடைவரை போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தேன். உன் வீட்டுக்கு வந்து உன்னிடமே கேட்டேன். "உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம் அப்பா. சாமி கும்பிட்டாலும் சாமி கண்ணை முழிச்சிருக்கோ எண்டு பாப்பியள்" என்று மூஞ்சையைத் திருப்பினாய். உன் மனைவி தேத்தண்ணியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குடிக்காமல் வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல், அவள்மேல் எனக்குக் கோபமில்லை என்று.

போன கிழமை நீ இல்லாத நேரமாகப் பார்த்துப் பட்டறைக்குப் போனேன். புதுச் சில்லும் புதுக் காற்றாடியும் பூட்டி முடிந்திருந்தது. குகன் மட்டும் ஒரு மூலையில் வாங்குப் பலகையில் குனிந்திருந்து, எதையோ ஊசியால் குடைந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அதைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிடிபட்டாயடா என்று நினைத்தேன்.

"என்ன தம்பி உது?"

"ஒண்டுமில்லை ஐயா. ஒரு பழைய துண்டு."

"பழைய துண்டை ஏன் என்னைக் கண்டு ஒளிக்கிறீர்? எடும் பாப்பம்."

"சுதன் வரட்டும் ஐயா, அவனைக் கேளுங்கோ."

"அவன் வந்தால் காத்து எண்டு சொல்லுவான். நீர் எடும்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தேன். களைத்துப்போன கண். பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான். விரல் நீளத்தில் ஒரு சின்னக் குழாய், பென்சில் பருமன். இதை எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். உன் இடப்பக்கச் சிறகின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பறக்கும்போது காற்று இதன் வாய்க்குள் புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் எழும்பும் என்றான். அன்றைக்கு வாய் அடைபட்டிருந்தது. நீ எழும்புகிற அவசரத்தில் முள்ளைக் கவனிக்கவில்லை. மேலே போனபிறகு பார்த்தால் அது அசையவில்லை. மெதுவாக வந்தால் இடையில் விழுந்துவிடுமோ என்று பயந்து, கண்மட்டில் வேகமாகவே கொண்டுவந்து இறக்கியிருக்கிறாய். "உதை இனிப் பாவிக்கேலாது ஐயா, உள்ளுக்கை இறுகிப்போச்சு. புதுசு பூட்டியாச்சு. உள்ளுக்கை எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு பாக்கத்தான் குடைஞ்சனான்" என்றான்.

"எது போயிருக்கு?"

நான் குழாயை மூக்கில் வைத்தேன். பன்னீர் விட்டு அரைத்த சந்தனம்.

சுதன், அம்மாவின் பேனை நின்றுவிட்டது.

பேனை நின்றதைப் பற்றிய அந்த வரியை நான் சொல்லிச் சற்று நேரமாகிவிட்டது. அதை எழுதிவிட்டுக் கொப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. தண்ணீர் அள்ளுகிறாளா, வெறுமனே வாளியை விட்டு விட்டு எடுக்கிறாளா என்று தெரியவில்லை. நான் எழுந்து போகவில்லை. போனால் நானும் ஏதாவது சொல்லி மூடிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். இப்போது வந்து இருந்திருக்கிறாள். முகம் கழுவியிருக்கிறாள். "அண்டைக்கு அவன்ரை புருவத்துக்கு மருந்து கட்டினது நான். அப்ப கூட வாய் திறக்கேல்லை" என்றாள். பிறகு, "சொல்லுங்கோ, எழுதுறன்" என்றாள்.

இந்தக் கடிதத்தை வாசிகசாலையில் யாரிடமாவது சொல்லி எழுதுவித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் இவளைக் கேட்டேன். இதை அவளிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குகன் எனக்கு இன்னொன்றும் சொன்னான். அம்மாவுக்குத் தெரியவேண்டாம், தெரிந்தால் இனிச் சந்தனக் கிண்ணத்தைத் தொடமாட்டாள், அடுத்த முறை அவள் பொட்டு வைத்தால் நான் பிறகு துடைத்துவிட்டு ஏறிக்கொள்கிறேன் என்று நீ சொன்னாயாம். அவன் மாட்டேன், அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்று உன்னோடு சண்டை பிடித்தானாம். நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய். நான் யாரைக் கள்ளன் என்று பார்த்துக்கொண்டிருந்தேனோ, அவன்தான் உண்மையைச் சொல்லவேண்டும் என்று நின்றவன். அவனிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "ஐயா என்னைச் சந்தேகப்பட்டதில பிழையில்லை. நானும் அப்பிடித்தான் ஒவ்வொரு ஆணியையும் சந்தேகப்படுறனான்" என்றான். அவனை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா. பாரம் கூடினால் கூடட்டும், அவன் பறக்கிறவன் இல்லையே.

மகனே, நீ நினைத்தது தாய்க்கு நோகக்கூடாது என்றுதான். அதற்காக உன்னை நான் ஏசவில்லை. ஆனால் நீ யோசித்துப் பார். அவளுக்குத் தெரியாவிட்டால் திங்கட்கிழமையும் வருவாள். இந்த முறை தண்ணீருக்கு மேலே போகிறாய் என்று இன்னும் கூடச் சந்தனம் அரைத்துக்கொண்டு வருவாள். நீ துடைப்பாய், சரி. ஒருநாள் மறப்பாய். ஒருநாள் யாராவது கூப்பிடுவார்கள், கை தவறும். வீட்டில் மறைக்கிற பொய்யால் என் தோள் இரண்டு வருடம் கூடுதலாக நொந்தது, அவ்வளவுதான். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் மறைக்கிற பொய் உன்னோடு சேர்ந்து மேலே ஏறும். உன்னோடு சேர்ந்து கீழேயும் வரும். எல்லாரையும் சந்தேகித்துக்கொண்டு நின்ற நான், இவள் அந்தக் குழாய்க்குப் பொட்டு வைத்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றவன். வை என்று பகிடி விட்டவன். அன்பாகச் செய்கிற கையை யார் சந்தேகிக்கப்போகிறார்கள்? அதனால்தான் அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு அம்மா கேட்டாள், "அந்தக் குழாய் இப்ப மூடியோ கிடக்கு, திறந்தோ கிடக்கு?" திறந்துதான் என்றேன். பட்டறையில் குகன் சொன்னதையும் சொன்னேன். சுவிசில் அதற்குச் சிவப்புத் துணியில் ஓர் உறை போட்டு வைப்பார்களாம், புழுதியும் பூச்சியும் போகாமல். ஏறுவதற்கு முன்னால் கழற்றிவிடுவார்களாம். நீங்கள் இரண்டு பேரும் அதைச் செய்யாமல் விட்டுவிட்டீர்கள். அம்மா பேனையை வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மன் கோயிலில் சாத்திக் கொடுத்த சிவப்புப் பட்டு ஒன்றை வருடக்கணக்காக மடித்து வைத்திருந்தாள், யாருக்கும் தராமல். அதைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, தன் சின்னவிரலை வைத்து அளவு பார்க்கிறாள். தூரத்தில் நின்றாலும் தெரிகிற மாதிரி நீளமாக ஒரு வால் வைத்துத் தைக்கப்போகிறாளாம், பட்டத்துக்கு வைக்கிறதுபோல.

அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னேன்: "சுதன், விமானத்துக்கு இனிப் பொட்டு வைக்கமாட்டன். உன்ரை நெத்திக்கு வைப்பன், அதை நீ துடைக்கக் கூடாது. உறையை நான்தான் போடுவன், நான்தான் கழட்டுவன். என்ரை கையில அந்தச் சிவப்புத் துணியைக் காணாமல் நீ எஞ்சினை முடுக்கக் கூடாது. இனி எனக்கு ஒண்டும் ஒளிக்காதை."

இந்தக் கடிதத்தை நான் வாசிகசாலைக்குக் கொண்டுபோகப் போவதில்லை. அவள் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். ஆனால் திங்கட்கிழமை விடிய நான் வெளியில் நிற்பேன். அவள் உறையைக் கழற்றினாளா என்று நான் பார்ப்பேன். நான் சரியாகப் பார்த்தேனா என்று குகன் பார்க்கட்டும். எங்கள் மூன்று பேரையும் நம்பாமல், நீயும் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறு.